இரண்டு எழுத்தில் அடங்கிய புருஷன்

குன்னத்துக்குக் கிழக்கே, வெங்காயக் கொட்டகை,
சனிக்கிழமை மத்தியானம்.

கீழப்பழுவூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே நாலு தெருப் பஞ்சாயத்தையும் தீர்த்துவைக்கும் மரியாதைக்குரிய மச்சான் ராஜா அவர்களுக்கு, உங்கள் தங்கை அம்சவள்ளியைக் கட்டிய சாமிதுரை கைகூப்பி எழுதுவது. நீங்கள் சுகம், மேகலா அக்கா சுகம், கடையும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம் என்றாலும், முதல் வரியிலேயே பொய் எழுதினால் மீதியை நீங்கள் எப்படி நம்புவீர்கள்?

போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் கடுதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். பெரிய போன் உங்கள் தங்கையிடம் இருக்கிறது. அதற்குள் ஒரு வாத்தியார் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து இங்கிலீஷ் இலக்கணம் நடத்துகிறார். என்னுடைய பட்டன் போனில் ஸ்பீக்கரைத் தவிர எல்லாம் போய்விட்டது. அதில் பேசினால் நீங்கள் பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் தெரு பதில் சொல்லிவிடும். அதனால்தான் எங்கள் கொளஞ்சி பெரியப்பா மகன் ராஜேஷ் லோடு ஆட்டோவில் அரியலூர் வழியாக உங்கள் பக்கம் வருகிறான் என்று தெரிந்து, இந்தக் கடிதத்தையும் ஒரு பை சின்ன வெங்காயத்தையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பை வந்ததும் அடிவரைக்கும் கொட்டிக் காயவையுங்கள், அடியில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்சவள்ளி போன வருஷம் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதியது உங்களுக்குத் தெரியும். அங்கன்வாடியில் பதினோரு வருஷமாக உதவியாளராக இருக்கிறாள், பத்தாவது பாஸ் என்று ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த படிக்கு மனுவே போட முடியும் என்றார்கள், சரி எழுதட்டும் என்று நானும் பெருந்தன்மையாக விட்டேன். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், இங்கிலீஷில் மட்டும் முப்பத்தொன்று. குறைந்தது நாலே மார்க். வாக்கிய அமைப்பு என்று ஒரு கேள்வி வந்ததாம், அதைத் தொடாமல் விட்டதில் போன மார்க் என்று அவளே கண்டுபிடித்தாள். திருச்சி ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் பானுப்ரியா ஒரு கைடு வாங்கி அனுப்பினாள். மகள் படிப்பாள் என்று ஹாஸ்டலில் சேர்த்தால், அவள் அங்கிருந்து அம்மாவைப் படிக்கவைக்கிறாள். அந்த நாலு மார்க்கைத் தேடி இந்த வீட்டில் நடந்த கூத்தைத்தான் இனி நீங்கள் படிக்கப்போகிறீர்கள், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உலகத்தில் எத்தனை கோடி பேர் இங்கிலீஷ் பேசினாலும் அத்தனை பேச்சும் ஏழெட்டு அச்சுக்குள்தான் வார்க்கப்படுகிறதாம், மச்சான். யார் என்பது எஸ். என்ன செய்தார் என்பது வி. யாரை, எதை என்பது ஓ. அவர் எப்படி ஆனார், என்னவாக இருக்கிறார் என்பது சி. எங்கே, எப்போது என்பதெல்லாம் ஏ. இந்த ஐந்து எழுத்து போதும், பிறந்தது முதல் போய்ச்சேர்வது வரைக்கும் எழுதிவிடலாம் என்கிறார் போன் வாத்தியார். கேட்டதிலிருந்து உங்கள் தங்கை சாக்பீஸும் கையுமாகத் திரிந்தாள். அரிசி டிரம்மில் எஸ், கொல்லைக் கதவில் வி, அம்மிக்கு மேலே சி, தண்ணீர்க் குடத்தின் வயிற்றில் ஏ. நான் காலையில் மல்லாந்து கண் விழித்தால் உத்தரத்தில் ஓ என்று ஒரு வெள்ளை எழுத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பாதித் தூக்கத்தில் அது விடிந்த பிறகும் போக மறந்த நிலா மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி கிடப்பேன், பால் பீய்ச்ச நேரமாகிவிடும், மாடு கத்தும், அதற்கும் திட்டு எனக்குத்தான் விழும்.

இதில் என் மனசைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. நம் பேச்சில் யார், யாரை, எதற்காக, எந்த ஊரில் என்று எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் என்ன செய்தார் என்பது கடைசியில் வரும். 'நான் உன்னை இந்தத் தடியால்' என்று ஆரம்பித்தாலும் முடிப்பதற்குள் கோபம் இறங்க ஒரு நேரம் இருக்கிறது. இங்கிலீஷ்காரன் இரண்டாவது வார்த்தையிலேயே அடித்துவிடுகிறான், யாரை என்பது பிறகுதான் தெரிகிறது. இதை யோசித்துக்கொண்டே பருத்திக் காட்டு வரப்பில் நடந்து, எங்கள் காடு முடிந்து அடுத்தவர் காட்டில் பாதி தூரம் போய்விட்டேன், மச்சான். வெடித்த பருத்தியெல்லாம் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக நின்றது, எங்கே வந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. அந்தக் காட்டுக்காரர் 'என்னா சாமிதொர, அளந்து பாக்குறியா?' என்று கேட்டபோதுதான் திரும்பி நடந்தேன்.

மாசி முதல் வாரம் வெங்காயம் பிடுங்கிக் கொட்டகையில் குவித்திருந்தோம். கெடாமல் இருக்க அடுக்கிப் பட்டறை போட்டு வைப்பதற்கு முன் வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிய ஐந்து பெண்கள் வந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அம்சவள்ளிக்கு லீவு. ஐந்து பேரைப் பார்த்ததும் உங்கள் தங்கைக்கு ஐந்து எழுத்து ஞாபகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு எழுத்தைக் கொடுத்து, வாக்கியம் மாதிரி வரிசையாக உட்காரச் சொன்னாள். வீரம்மாளுக்கு ஓ, கிருஷ்ணம்மாளுக்கு வி.

"கிருஷ்ணம்மா, நீ எஸ்ஸுக்கு அடுத்தாப்புல குந்து."

"ஏன், மொதல்ல குந்துனா ஆவாதா?"

"மொதல்ல வந்தா அது கேள்வியாயிடுமாம்."

"கேள்விதான் கேக்கப்போறேன். அவளுக்கு மட்டும் வேப்பமர நெழலு, எனக்கு வெயிலா?"

அதற்குள் வீரம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள். "ஓன்னா யாரு, அடி வாங்குற ஆளா? எம் மாமியா வூட்டுலயே நான் யாருகிட்டயும் வாங்குனதில்ல. இவ வூட்டு வெங்காயத்துக்காவ வாங்கணுமா?"

எஸ் இடம் யாருக்கு என்பதில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசியில் ஐந்து பேரும் எஸ் ஆகி நிழலில் ஒரே குவியலாக உட்கார்ந்தார்கள். நான் ஒரு மூட்டை மேல் சாய்ந்தபடி, செய்கிறவர்கள் மட்டும் இருந்து செய்ய வேண்டியது இல்லாமல் போன வாக்கியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அரிந்தது கால்வாசிகூட இல்லை.

மக்காச்சோளக் கதையைக் கேளுங்கள். அதே மாசியில், சோளத்தை உதிர்த்துத் தார்ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப்போட்டிருந்தோம். ஓரத்துக்குக் கல் வைத்து, பஸ்காரர்களை ஒதுங்கிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். அம்சவள்ளி காலால் சோளத்தைக் கிளறிவிட்டபடியே கைடைப் பிரித்துவைத்திருக்கிறாள்.

"ஏங்க, 'தி ஸ்கை பிகேம் டார்க்'. வானம் கருத்துச்சுன்னு அர்த்தம். இதுல டார்க்குங்கறது ஓ-வா, சி-யா?"

நான் மேலே பார்த்தேன். "வானம் யாரையும் ஒண்ணும் பண்ணலயே. அப்ப ஓ இல்ல."

"அப்பறம்?"

"வானமேதான கருப்பாவுது. வானமும் அதுவும் வேற வேறயா என்னா? ஒண்ணுதான்."

"அப்ப சி!" என்று அவள் கைதட்டினாள். நானும் பூரித்துப்போய் வானத்தையே பார்த்தேன். அது எங்களுக்காகவே பாடத்தை நடத்திக் காட்டுகிற மாதிரி மேற்கே வேப்பந்தட்டை மலைப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கருத்துக்கொண்டே வந்தது. அவ்வளவு அழகாக இருந்தது, மச்சான். முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தபோதுதான் தார்ப்பாய் வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது. மாசியில் மழை வரும் என்று யார் கண்டார்கள்? மறுபடி நாலு நாள் காயவைத்தும் பாதிச் சோளத்தில் முளை எட்டிப் பார்த்துவிட்டது.

வீட்டுக்குள் என் நிலைமை இன்னும் கேவலம். 'நான் என் கணவருக்குக் காபி கொடுத்தேன்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். அதில் காபி நேரடி ஆப்ஜெக்டாம், கணவன் மறைமுக ஆப்ஜெக்டாம். எது எது என்று நான் சரியாகச் சொல்லும் வரைக்கும் காபி அவள் கையிலேயே ஆறிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டில் காபிக்கு அடுத்த இடம்தான் எனக்கு என்பது கைடு வந்த பிறகுதான் தெரிந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவள் நோட்டின் முதல் பக்கம். எஸ், வி என்று இரண்டே எழுத்தில் முடிகிற வாக்கியத்துக்குக் கைடில் நல்ல நல்ல உதாரணமெல்லாம் இருக்கிறது. பறவைகள் பறக்கும், ஆறு ஓடும், சூரியன் உதிக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் தங்கை சொந்தமாக எழுதியிருக்கிறாள்: 'மை ஹஸ்பண்ட் ஸ்லீப்ஸ்.' என் கணவர் தூங்குகிறார். தூங்கினார் என்றுகூட இல்லை. எப்போதும் தூங்குகிறவன் என்று அர்த்தமாம். விதைத்தேன், களை எடுத்தேன், பானுப்ரியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன், அதில் ஒன்றும் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு மனுஷனை இரண்டு எழுத்தில் மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டாள். இதைப் பரீட்சையிலும் எழுதப்போகிறாளாம், யாரோ முகம் தெரியாத வாத்தியார் திருத்துவாராம்.

இத்தோடு முடிந்ததா? கவனமெல்லாம் கைடில் இருப்பதால் தக்காளிக் குழம்பில் உப்பு இல்லை, இருந்தால் இரண்டு தடவை இருக்கிறது. கேட்டால் முறைக்கிறாள். உங்கள் வீட்டில் செல்லம் கொடுத்து வளர்த்த லட்சணம் இப்போதுதான் தெரிகிறது. சமையல் கற்றுக்கொடுக்காமல் அனுப்பியது உங்கள் தப்பு என்று நான் சொன்னால் வருத்தப்படக் கூடாது.

ஆகவே மச்சான், முடிவாகச் சொல்கிறேன். இந்த வருஷம் கோயில் காப்பு எங்கள் வீட்டு முறை. வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேளம் அடித்து எனக்குக் காப்புக் கட்டுகிறார்கள். எட்டு நாள் விரதம். அந்த எட்டு நாளாவது எஸ், வி சத்தம் இல்லாமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் நேரில் வந்து உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். சாயங்காலம் என்று இழுக்க வேண்டாம், மத்தியானம். திருவிழா முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகு அனுப்பினால் போதும்.

மேகலா அக்காவுக்கு என் வணக்கம். எங்கள் அம்மன் உங்கள் கடைக்கு வருகிற மோட்டாரையெல்லாம் ஒரே தடவையில் ஓடவைக்கட்டும். மறக்காமல் பையைக் கொட்டவும்.

மனம் நொந்த,
சாமிதுரை

பின்குறிப்பு. (வெங்காயப் பையின் அடியில், பிளாஸ்டிக் கவருக்குள்.)

மச்சான், இது ராஜேஷ் பார்க்காத காகிதம். மற்றதையெல்லாம் அரியலூரில் ஆட்டோவை ஓரமாக நிறுத்திப் படித்திருப்பான். ஒட்டிய கவரை ஒட்டாத மாதிரித் திறப்பதில் கெட்டிக்காரன். திரும்பி வந்ததும் கொளஞ்சி பெரியப்பாவிடம், 'சாமிதொர அண்ணன் வூட்டுல சண்டை' என்று சொல்லுவான். சொல்லட்டும் என்றுதான் அவன் கையில் கொடுத்தேன்.

இங்கிலீஷ் பரீட்சை வருகிற வியாழக்கிழமை, பெரம்பலூரில். காப்பு செவ்வாய்க்கிழமை. மேளம் அடிக்கிற நேரத்தில் முறைக்கார வீட்டில் யார் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ, அத்தனை பேரும் எட்டு நாள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. இது எங்கள் ஊர்க் கட்டு. அந்த நேரத்தில் வெளியூரில் இருந்தால் கட்டு இல்லை, பானுப்ரியாவுக்கு இல்லாத மாதிரி.

புதன்கிழமை பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். "மூணு மணி நேரந்தான் பெரியப்பா. பரிச்ச எழுதிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடுவா."

"அடுத்த வருசமும் பரிச்ச வைப்பாங்கல்ல? எழுதச் சொல்லு. நானே காப்புல இருந்து எம் மவ நிச்சயத்துக்குப் போவலடா," என்றார். அவர் கெட்டவர் இல்லை. திருவிழா அவர் தலையில் இருக்கிறது. பரீட்சைக்காகவே அவளை வெளியே அனுப்பினேன் என்று தெரிந்தால் அம்மனை அவமானம் பண்ணிவிட்டதாக ஊர் பேசும். புருஷனோடு கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள் என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

அம்சவள்ளியிடம் சொன்னேன். "வுடுங்க, சாமி காரியம்," என்றாள், அவ்வளவுதான். கைடை எடுத்துப் பரண் மேல் வைத்தாள். ஈரத்துணியை எடுத்து டிரம், கதவு, குடம் எல்லாவற்றையும் துடைத்தாள். போன் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை, காலையிலிருந்து வாத்தியார் நடத்துகிறார் என்று எழுதியதும் ராஜேஷுக்காகத்தான். மறுநாள் காலையில் கண் விழித்தபோது உத்தரத்தில் ஓ மட்டும் அப்படியே இருந்தது. அவளுக்கு எட்டவில்லை. எப்படி எட்டும், எழுதியவன் நான்தானே. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்போதுதான் இந்த யோசனை வந்தது.

நேராகச் சொன்னால் வரமாட்டாள், சாமிக்குப் பயப்படுவாள். அதனால் செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்ததும் வாசலில் நின்று என் கடிதத்தை உரக்கப் படியுங்கள், நாலு பேர் காதில் விழட்டும். தக்காளிக் குழம்பு வரும்போது நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். அந்த இடம் முடிவதற்குள் அவளே துணிமணியை எடுத்துப் பையில் வைத்துவிடுவாள். குழம்பைப் பற்றி எழுதியது சுத்தப் பொய், நேற்றுகூட இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். செல்லம் கொடுத்து வளர்த்தீர்கள் என்றதற்கும் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். சோளம் நனைந்தது மட்டும் உண்மை, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஹால் டிக்கெட் இந்தக் கவருக்குள் இருக்கிறது. கைடைப் பரணிலிருந்து எடுத்து அவள் பையில் துணிக்கு அடியில் நானே வைத்துவிடுவேன். எல்லை தாண்டிய பிறகு சொல்லுங்கள். அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலையில் நீங்கள் வருகிற பஸ் எங்கள் ஊர் விலக்கு வழியாகத்தான் பெரம்பலூர் போக வேண்டும். எல்லைக்கல்லுக்கு உள்பக்கம் கையில் காப்போடு நிற்பேன். அவளை எங்கள் ஊர்ப் பக்கத்துச் சன்னலில் உட்காரவையுங்கள். பேச வேண்டாம், பார்த்தால் போதும்.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் எல்லா உண்மையையும் சொல்லிவிடுங்கள், ஒன்றைத் தவிர. நான் தூங்கவில்லை, மச்சான். எதிரே யாராவது விழித்திருந்தால் அவளுக்கு இங்கிலீஷ் வாய்க்குள்ளேயே நின்றுவிடும், வெட்கம். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தால்தான் குரலை எடுத்துப் படிப்பாள். அதனால் ஐப்பசியிலிருந்து தினம் நாலு மணிக்குக் கொட்டகையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிறேன். எறும்பு காலில் ஏறினாலும் அசைவதில்லை. துண்டு வழியாக வெயில் மஞ்சளாகத் தெரியும், வெங்காய வாசனை வரும், பறவைகள் பறக்கும் ஆறு ஓடும் என்று அவள் சொல்லச் சொல்ல எல்லாம் என் கண்ணுக்குள் பறந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கும். என் ஆயுசில் அவ்வளவு சுகமான நேரம் வேறு இல்லை.

எஸ், வி என்று கேட்டால் அவள் கை தானாக எழுதுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அது உண்மை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும், மார்க் வந்து சேரட்டும். அதற்குப் பிறகும் சொல்லிவிடாதீர்கள். பாஸானால் அடுத்து பன்னிரண்டாவது எழுதுவாள், நான் இன்னும் இரண்டு வருஷம் தூங்க வேண்டியிருக்கிறது.